ஒரே மோதல், இரண்டு பத்தொன்பது வயதுப் பையன்கள்: பயிற்சியில் போன விமானிகள்

#1 – கல்வெட்டு

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது.

1941 டிசம்பர் 11, முற்பகல். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ராக்ஸ்ஹோம் என்ற சிற்றூருக்கு மேலே மேகம் மூடிக் கிடக்கிறது. வெலிங்கோர் தளத்திலிருந்து பயிற்சிக்குப் போன ஸ்பிட்ஃபயர் விமானங்கள், மேகத்தில் தெரிந்த ஓர் இடைவெளி வழியாக வரிசையாகக் கீழே இறங்குகின்றன. மேகத்துக்குக் கொஞ்சம் கீழே, கிரான்வெல் பள்ளியின் ஏர்ஸ்பீட் ஆக்ஸ்ஃபர்ட் பயிற்சி விமானம் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. ஒரு ஸ்பிட்ஃபயரும் அந்த ஆக்ஸ்ஃபர்டும் மோதிக்கொண்டன. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். இருவருக்கும் வயது 19.

ஸ்பிட்ஃபயரை ஓட்டியவர் ஜான் கில்லெஸ்பி மகீ. ஷாங்காயில் பிறந்தவர், தந்தை அமெரிக்கர், தாய் ஆங்கிலேயர். அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே கனடா விமானப்படையில் சேர்ந்துவிட்டார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், பறப்பதன் ஆனந்தத்தைப் பற்றி ஒரு 14 வரிக் கவிதை எழுதிப் பெற்றோருக்குக் கடிதத்தில் அனுப்பியிருந்தார். அது உலகப் புகழ் பெற்றது. ஸ்காப்விக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லில் அதன் முதல் வரியும் கடைசி வரியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்றும் ஆட்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபர்டை ஓட்டியவர் எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபின். இன்னும் விமானிக்கான இறக்கைச் சின்னம் வாங்காத மாணவர். மகீயைப் பற்றிய கட்டுரைகளில் இவருக்கு ஒரு வரி கிடைக்கும். பல கட்டுரைகளில் அதுவும் கிடையாது, 'ஒரு பயிற்சி விமானம்' என்பதோடு சரி.

எனக்குக் கேட்க வேண்டியது இதுதான். எதிரியையே பார்க்காமல், பயிற்சிப் பறப்பிலேயே போய்விட்ட இந்தப் பையன்களை நாம் போரில் மாண்டவர்களாக நினைக்கிறோமா? அல்லது விபத்தில் போனவர்கள் என்று தனியாக ஒதுக்கிவிடுகிறோமா? ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 – மாலைவெயில்

மகீயின் கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். கிரிஃபின் என்ற பெயரை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அந்தப் பையனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், ஒரு தந்தி போயிருக்கும். எழுதியதற்கு நன்றி.

#3 – நேர்க்கோடு

கல்வெட்டு அவர்களுக்கு வணக்கம். மனசைத் தொடும்படி எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் நான் கொஞ்சம் மாற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பீரங்கிக் குண்டுகள் வெடிக்கும் வானத்துக்குள், திரும்பி வருவோமா என்று தெரியாமலே நுழைந்தவனும், சொந்த நாட்டு வானத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவனும் ஒன்றா? இரண்டு சாவும் துயரம்தான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் போர்க்களத் துணிச்சல் என்ற ஒன்று தனியாக இருக்கிறது. அதை அரசாங்கங்களே பிரித்துத்தான் பார்த்தன. பிரிட்டனின் 'ஏர் க்ரூ யூரோப் ஸ்டார்' பதக்கத்துக்குப் போர்ப் பறப்பு செய்திருக்க வேண்டும். பயிற்சி மாணவனுக்கு அது கிடையாது. எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தால் உயிரைப் பணயம் வைத்து எல்லையைத் தாண்டியவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்?

இன்னொன்றும் உண்டு. பயிற்சி விபத்துகளில் ஒரு பகுதி தடை செய்யப்பட்ட தாழ்வான பறப்பில் நடந்தவை. காதலி வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு போய்க் காட்ட நினைத்தவர்கள் உண்டு. அதையும் போர்ச்சாவு என்பீர்களா?

#4 – உயரமானி

நேர்க்கோடு எழுப்பியது நியாயமான கேள்வி. அதனால் தொழில் பக்கத்திலிருந்து கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாழ்வாகப் பறந்து செத்தவர்கள் உண்டுதான். ஆனால் பயிற்சி மரணம் என்றாலே விளையாட்டுத்தனம் என்று படம் போட்டுக்கொண்டால், பெரும்பகுதி விட்டுப்போகும்.

முதலில் இரவுப் பறப்பு. போர்க்கால இங்கிலாந்தில் இருட்டடிப்பு. தரையில் ஒரு விளக்கு கிடையாது. ஓடுபாதை விளிம்பில் மங்கலாகச் சில விளக்குகள், அதைத் தாண்டியதும் கறுப்பு. சக்கரம் தரையை விட்டதும் விமானம் வேகம் எடுக்கிறது. அந்த வேகம் உடம்பைப் பின்னால் தள்ளும்போது, விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி மேலே போகிறது என்று உள்காது விமானிக்குப் பொய் சொல்லும். கண்ணுக்கு அடிவானம் தெரிந்தால் அந்தப் பொய்யைப் பொய் என்று கண்டுபிடித்துவிடலாம். தெரியவில்லை என்றால்? கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியைத் தன்னிச்சையாக முன்னால் தள்ளுவான். விமானம் உண்மையில் அப்போதுதான் தரையை நோக்கித் திரும்புகிறது. கிளம்பிய சில விநாடிகளில், எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, நேராக வயலில் போய் விழுந்த விமானங்கள் எத்தனையோ. விசாரணைத் தாளில் 'விமானியின் தவறு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். இந்த மாயையைப் பற்றி அந்தக் காலத்தில் மாணவனுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சொல்லிக் கொடுக்கவேண்டியவர்களுக்கே அது சரியாகப் புரிந்திருக்கவில்லை.

அடுத்தது மேகம். மேகத்துக்குள் மெதுவாக ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் அந்தச் சாய்வு உடம்புக்குத் தெரியாது. உள்காதில் இருக்கும் திரவம் நிலையான திருப்பத்துக்குச் சீக்கிரமே பழகிவிடும். அப்புறம் கருவியைப் பார்த்து நேராக்கினால், எதிர்ப்பக்கம் விழுகிற மாதிரி தோன்றும். உடம்பு ஒன்றைச் சொல்கிறது, கருவி ஒன்றைச் சொல்கிறது, யாரை நம்புவது? கருவியை நம்பு என்று சொல்லிக் கொடுக்கத்தான் லிங்க் ட்ரெய்னர் என்ற பெட்டி இருந்தது. தரையிலேயே உட்கார்ந்து, மூடிக்குள் இருட்டில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் சாதனம். அமெரிக்க ராணுவம் அதை வாங்கியதே ஒரு பாடத்துக்குப் பிறகுதான். 1934இல் தபால் கொண்டுபோகும் வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தார்கள். மோசமான வானிலையில் சில மாதங்களுக்குள் 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்தப் பெட்டிக்கு மரியாதை வந்தது. போரின்போது 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் உட்கார்ந்து கற்றார்கள்.

ஆனால் பெட்டியில் தப்பு செய்தால் பயிற்றுநர் தட்டிச் சொல்வார், மேகத்துக்குள் சொல்ல ஆள் இல்லை. 19 வயதுப் பையன், தன் உடம்பு கதறுவதை மறுத்து ஒரு சின்ன முள்ளை நம்ப வேண்டும். எதிரி எதிரே இல்லை என்பதற்காக இதற்குத் துணிச்சல் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

#5 – மாலைவெயில்

உயரமானி சார், நீங்கள் சொன்ன அந்தக் கம்பியை முன்னால் தள்ளும் இடத்தைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. தான் மேலே போகிறோம் என்று நம்பிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

#6 – வெண்பனி

இந்த இழைக்கு நான் ஒரு நிகழ்வைச் சேர்க்கிறேன். பயிற்சியில் 'தொலைந்துபோவது' என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1942 நவம்பர் 18. கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ பக்கம் இருந்த மேதர் தளத்திலிருந்து ஏ.டி.-7 பயிற்சி விமானம் ஒன்று கிளம்பியது. வழிகாட்டும் பயிற்சி. வரைபடம், திசைகாட்டி, கடிகாரம் வைத்து விமானம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடப் பழகுவது. விமானி வில்லியம் கேம்பர், கூட மூன்று மாணவர்கள்: ஜான் மார்டென்சன், எர்னஸ்ட் மன், லியோ முஸ்டோனன். எல்லோரும் இருபதுகளில். சுமார் ஐந்து மணி நேரத்துக்கு எரிபொருள். திரும்பி வரவில்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை.

1947இல் சியெரா நெவாடா மலைத்தொடரில் நடைப்பயணம் போனவர்கள் பனிப்பாறை ஒன்றில் விமானத்தின் சிதைவுகளைப் பார்த்தார்கள். போகவேண்டிய பாதைக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. கிடைத்த எச்சங்களை நான்கு பேருக்கும் பொதுவாக ஒரே கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கோப்பு மூடப்பட்டது.

2005 அக்டோபரில் அதே மலைத்தொடரின் மெண்டல் பனிப்பாறையில் ஏறிக்கொண்டிருந்தவர்கள், பனிக்குள் உறைந்து கிடந்த ஓர் உடலைக் கண்டார்கள். ராணுவச் சீருடை, திறக்காத பாராசூட் பை. ஹவாயில் இருக்கும் ராணுவ ஆய்வுக்கூடம் மாதக்கணக்கில் பரிசோதித்து, அது லியோ முஸ்டோனன் என்று அறிவித்தது. 2006இல் மினசோட்டாவின் பிரெய்னர்டில், அவருடைய ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். 2007இல் அதே பனிப்பாறையில் இன்னோர் உடல். அது எர்னஸ்ட் மன். 2008இல் ஒஹையோவில் அடக்கம் நடந்தபோது அவருடைய தங்கைகள் உயிரோடு இருந்தார்கள். அண்ணன் கிளம்பிப் போனபோது இளம்பெண்களாக இருந்தவர்கள், எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவரை வாங்கி அடக்கம் செய்தார்கள்.

நேர்க்கோடு நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தத் தங்கைகளிடம் போய், உங்கள் அண்ணன் போரில் இறக்கவில்லை, வகுப்பில் இறந்தார் என்று நம்மால் சொல்ல முடியுமா?

#7 – நேர்க்கோடு

வெண்பனி, அந்தத் தங்கைகள் முன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் அது துயரத்தைப் பற்றிய கேள்வி. நான் கேட்டது பொறுப்பைப் பற்றி. இவ்வளவு பேர் செத்தார்கள் என்று தெரிந்தும் பயிற்சியை ஏன் மெதுவாக நடத்தவில்லை? சரியான வானிலை பார்த்து, நல்ல விமானம் கொடுத்து, இன்னும் ஆறு மாதம் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே?

#8 – பழையதாள்

இதற்கு எண்களோடு பதில் சொல்கிறேன்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. இதில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சியிலும் விபத்துகளிலும் போனவர்கள். அமெரிக்க ராணுவ விமானப்படை, போர்க்களத்துக்கு வெகுதொலைவில் இருந்த தன் சொந்த மண்ணில் நடந்த விபத்துகளில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேரை இழந்தது. கனடாவில் 1939 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்த காமன்வெல்த் பயிற்சித் திட்டம் 1,31,000க்கும் மேற்பட்ட விமானக் குழுவினரை உருவாக்கியது. அங்கே 850க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சிக் காலத்திலேயே இறந்தார்கள்.

ஏன் மெதுவாக நடத்தவில்லை? களத்தில் ஆள் தீர்ந்துகொண்டே இருந்தார்கள், அதுதான் காரணம். நல்ல விமானம் களத்துக்குப் போகும், அங்கே அடிபட்டுத் தேய்ந்தது பள்ளிக்கு வரும். விட்லி, வெலிங்டன் என்று பழைய குண்டுவீச்சு விமானங்கள்தான் கடைசிக் கட்டப் பயிற்சிப் பிரிவுகளில் ஓடின. பயிற்றுநர்களோ, ஒரு சுற்றுப் போர்ப் பறப்பு முடித்து ஓய்வுக்காக அனுப்பப்பட்டவர்கள். இரவில் வேல்ஸ் மலைகள் மேலே, ஐரிஷ் கடல் மேலே மணிக்கணக்கில் சுற்றிவர வேண்டும். கணக்கில் சில மைல் பிசகினால் எதிரே மலை. பிரிட்டனின் குன்றுகளில் அந்த விமானங்களின் அலுமினியத் துண்டுகள் இன்றும் கிடக்கின்றன.

அவசரப்படாமல் இருந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஆனால் அவசரத்தில் குறைத்ததன் விளைவை ஜெர்மனியில் பார்க்கலாம். 1944 வாக்கில் எரிபொருள் தட்டுப்பாட்டால் அவர்களுடைய புது விமானிகளுக்குக் கிடைத்த பறப்பு நேரம், நேச நாட்டு மாணவனுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. அந்தப் பையன்கள் பள்ளியில் சாகாவிட்டால் முதல் சில பறப்புகளிலேயே செத்தார்கள்.

இன்னொரு விஷயம். பயிற்சி வேறு, போர் வேறு என்ற கோட்டை மேலதிகாரிகளே அழித்திருக்கிறார்கள். 1942 மே 30 இரவு கொலோன் நகரத்தின் மேல் ஆயிரம் விமானத் தாக்குதல். களப்படையிடம் அவ்வளவு விமானம் இல்லை. எண்ணிக்கையை எட்டுவதற்காகப் பயிற்சிப் பிரிவுகளிலிருந்து நூற்றுக்கணக்கான விமானங்களைப் பயிற்றுநர்களோடும் மாணவர்களோடும் அனுப்பினார்கள். முந்தின வாரம் வேல்ஸ் மேல் பறந்த மாணவன் அன்று ஜெர்மனி மேல் பறந்தான். பதக்கத்துக்கான விதி அவனை ஒரே இரவில் வேறு ஆளாக்கிவிடும். எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

#9 – மீகாமன்

பழையதாள் சொன்னதோடு ஒரு மாற்று உதாரணம். கவனம் எடுத்தால் சாவைக் குறைக்க முடிந்திருக்கிறது.

அமெரிக்கக் கடற்படைக்கு, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கப் பழகிய விமானிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். நிஜக் கப்பல்களைப் பசிபிக்கிலிருந்து திருப்பிக் கூப்பிட முடியாது. அதனால் ஈரி ஏரியில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பழைய நிலக்கரி நீராவிக் கப்பல்களின் மேல்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, தளம் போட்டார்கள். பக்கத்தில் பெரிய துடுப்புச் சக்கரம் சுற்றுகிற கப்பல்கள் அவை. பெயர் வுல்வரின், சேபிள். பயிற்சி நடந்தது மிச்சிகன் ஏரியில், எதிரி நீர்மூழ்கி நுழைய முடியாத இடம். 17,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறங்கிப் பழகித் தேர்வானார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான மூத்த ஜார்ஜ் புஷ் அவர்களில் ஒருவர்.

நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஏரிக்குள் போயின. இறந்த விமானிகளோ எட்டுப் பேர்தான். மீட்புப் படகுகள் பக்கத்திலேயே காத்திருந்தது முக்கியமான காரணம். குளிர்ந்த நன்னீர் என்பதால் அந்த விமானங்கள் துருப்பிடிக்காமல் அடியில் கிடந்தன, பலவற்றைப் பிறகு தூக்கி அருங்காட்சியகங்களில் வைத்தார்கள். அதில் டாண்ட்லெஸ் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, பேர்ல் துறைமுகத் தாக்குதலின்போது அங்கே இருந்தது. மிட்வே போரில் 219 துளைகளோடு திரும்பியது. அதையெல்லாம் தாண்டி வந்த விமானம் 1943 ஜூனில் ஒரு பயிற்சி இறக்கத்தில் ஏரிக்குள் போனது. அதன் விமானி பிழைத்துவிட்டார்.

#10 – உயரமானி

மீகாமன் சொன்னதை ஒட்டி, முதல் உலகப் போரிலிருந்து ஒரு பெயர். ராபர்ட் ஸ்மித்-பாரி. 1917இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் பயிற்சிப் பள்ளியை எடுத்து நடத்தினார். அதற்கு முன்னால் 20 மணி நேரம்கூடப் பறக்காதவர்களைக் களத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். விமானம் 'ஸ்பின்' ஆகிச் சுழன்று விழ ஆரம்பித்தால் அவ்வளவுதான் என்ற பயம் இருந்தது. ஸ்மித்-பாரி அந்தப் பயத்தையே பாடமாக்கினார். மாணவனை வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் போகச் சொல்லி, வெளியே வரக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பேருக்கும் கட்டுப்பாடு இருக்கும் விமானம், இரைச்சலில் பேச ஒரு குழாய். ஆபத்தை மாணவன் கண்ணில் படாமல் மறைத்தால் அவன் பிழைக்க மாட்டான் என்று முதலில் புரிந்துகொண்டவர்களில் அவர் ஒருவர். அவருடைய முறைதான் பிறகு பல நாடுகளின் விமானப் பயிற்சிக்கு அடிப்படை ஆனது.

அந்த முறை வருவதற்கு முன்னால் செத்தவர்களின் விபத்துகளிலிருந்துதான் அதன் பாடங்கள் எடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

#11 – கிழக்குவானம்

இந்தியப் பக்கமும் ஒரு பெயர் சொல்லட்டுமா? இந்திர லால் ராய். கொல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்தவர். 18 வயதில் பிரிட்டனின் அரச பறக்கும் படையில் சேர்ந்தார். 1917 நவம்பரில், படைப்பிரிவுக்கு வந்து சில நாட்களிலேயே எஸ்.ஈ.5ஏ விமானம் நொறுங்கியது. இறந்துவிட்டார் என்று நினைத்துப் பிணவறையில் வைத்துவிட்டார்களாம். நினைவு திரும்பிக் கதவைத் தட்டினார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. மறுபடி பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். உடல் தகுதி இல்லை என்றவர்களோடு போராடி மீண்டும் களத்துக்குப் போனார். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகள். ஜூலை 22 அன்று வான்சண்டையில் வீழ்ந்தார், 19 வயதில். இந்தியாவின் முதல் 'ஏஸ்' (ஐந்து எதிரி விமானங்களையாவது வீழ்த்தியவர்) விமானி என்று இன்று கொண்டாடுகிறோம்.

அந்தப் பிணவறையில் கண் திறக்காமல் போயிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்குமா? அதே பையன்தான், அதே தைரியம்தான். நடுவில் இருந்தது ஒரு கதவு.

இரண்டாம் போரின்போது பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் டைகர் மாத் விமானத்தில் ஆரம்பித்து, அம்பாலாவில் ஹார்வர்ட் விமானத்துக்கு மாறி, ரிசால்பூர் பக்கம் போர்விமானப் பயிற்சிக்குப் போன இந்திய இளைஞர்களிலும் களத்தைப் பார்க்காமலே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தமிழில் தேடினால் ஒரு பக்கம் கூடக் கிடைப்பதில்லை.

#12 – மாலைவெயில்

நான் வீட்டில் இருந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். பகிர்கிறேன்.

உடல் கிடைக்காவிட்டால் முதலில் 'காணவில்லை' என்றுதான் தந்தி வரும். அரசாங்கம் அதிகாரபூர்வமாக இறந்ததாகக் கருதப் பிரிட்டனில் பொதுவாக ஆறு மாதம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆறு மாதமும் அம்மாவுக்கு எப்படிப் போயிருக்கும்? களத்தில் காணாமல் போனவன் என்றால் கைதியாகப் பிடிபட்டிருக்கலாம், எதிரி நாட்டில் எங்கேயாவது ஒளிந்திருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து கடிதம் வரலாம். பயிற்சியில் ஐரிஷ் கடல் மேல் போனவனுக்கு எந்தக் கைதி முகாமும் கிடையாது. நம்பிக்கை வைக்க ஓர் இடமே இல்லாத காத்திருப்பு அது. இந்தக் கோணத்தை நான் எங்கும் பேசிப் பார்த்ததில்லை.

அப்புறம் பொருட்கள். படுக்கைக்குப் பக்கத்து அலமாரியைக் காலி செய்வதற்கென்றே தளத்தில் ஆள் உண்டு. கடிதங்கள், சவரக் கத்தி, புகைப்படங்கள், எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, கோல்ன்புரூக்கில் இருந்த மைய வைப்பகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து வீட்டுக்கு. பறப்புப் பதிவேடும், அதாவது லாக் புக்கும், பின்னர் வீட்டுக்குப் போகும். அந்தப் பதிவேட்டில் பகல் பறப்பு நீல, கறுப்பு மையில், இரவுப் பறப்பு சிவப்பு மையில். பயிற்சி மாணவனின் பதிவேட்டில் சிவப்பு வரிகள் கொஞ்சம்தான் இருக்கும். மீதிப் பக்கங்கள் வெள்ளை.

டெக்சஸில் டெரல் என்ற ஊர் இருக்கிறது. பிரிட்டிஷ் மாணவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி அங்கே நடந்தது. பயிற்சியில் இறந்த 20 பிரிட்டிஷ் மாணவர்கள் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். கடல் தாண்டி வர முடியாத தாய்மார்களுக்குப் பதிலாக ஊர்ப் பெண்கள் அந்தக் கல்லறைகளைப் பராமரித்தார்கள். யாரும் உத்தரவு போட்டு அதைச் செய்யவில்லை.

#13 – நேர்க்கோடு

எல்லோருடைய பதிலையும் படித்தேன். என் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதக்கம் என்பது செய்த செயலுக்கு. அதில் வேறுபாடு இருக்கத்தான் வேண்டும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நினைவுச்சின்னம் என்பது போன உயிருக்கு. அதில் வேறுபாடு கூடாது என்று நீங்கள் சொன்னால் எனக்குச் சம்மதம். தாழ்வான பறப்பைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் இன்னும் நேரான பதில் வரவில்லை.

#14 – கல்வெட்டு

நேர்க்கோடு, நீங்கள் பிரித்த இடம் எனக்கும் சரியாகவே படுகிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமும் அப்படித்தான் செய்திருக்கிறது. 1939 செப்டம்பர் 3க்கும் 1947 டிசம்பர் 31க்கும் இடையில் பணியில் இருந்தபடி இறந்தவர் என்றால் போதும். குண்டடியா, விபத்தா, காய்ச்சலா என்று பார்ப்பதில்லை. பதவி, இனம், மதம் எதையும் வைத்துக் கல்லின் அளவு மாறாது. வழக்கமான கல் கிட்டத்தட்ட 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். உடல் கிடைக்காதவர்களுக்கு இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில் 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள். கொலோனில் விழுந்தவன் பெயரும் ஐரிஷ் கடலில் பயிற்சியில் போனவன் பெயரும் ஒரே சுவரில்தான் இருக்கின்றன, எப்படி இறந்தான் என்று பக்கத்தில் எழுதவில்லை.

தாழ்வான பறப்புக்கு வருகிறேன். என் பதில் இது: ஆமாம், அவனும்தான். பள்ளிக்கூடம் முடித்த பையனை ஆயிரம் குதிரைச் சக்தி எஞ்சினுக்குப் பின்னால் உட்கார வைத்தது நாடு. பயம் இல்லாதவனாக இரு என்று தினமும் சொன்னது நாடு. அந்தப் பயமின்மை ஒருநாள் தப்பான இடத்தில் வெளிப்பட்டது. அவன் செய்தது தவறு, தண்டனைக்குரிய தவறு. ஆனால் போர் இல்லாவிட்டால் அவன் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கவே மாட்டான். அவன் தவறை எழுதுங்கள், பெயரை மட்டும் அழிக்காதீர்கள்.

மகீயைப் பற்றியும் ஒன்று. அவரும் அன்று சண்டையில் இறக்கவில்லை, பயிற்சிப் பறப்பில்தான் இறந்தார். கவிதையால் அவர் தப்பித்தார். கிரிஃபின் கவிதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

#15 – நீர்க்குமிழ்

இழையை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு உதவி வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒருவர் இரண்டாம் உலகப் போரின்போது விமானப் பயிற்சியில் இறந்தார் என்று மட்டும் சொல்வார்கள். முழுப்பெயர் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

#16 – பழையதாள்

நீர்க்குமிழ், பெயர் ஒன்று போதும், ஆரம்பிக்கலாம்.

முதலில் கல்வெட்டு சொன்ன ஆணையத்தின் இணையதளம். கட்டணம் இல்லை. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மூன்று நான்கு விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். நம் பெயர்களை அந்தக் கால எழுத்தர்கள் கேட்டபடி எழுதியிருப்பார்கள், முதலெழுத்து எது, தந்தை பெயர் எது என்று குழப்பியிருப்பார்கள். இந்திய விமானப்படையின் பெயரோடு 1945 மார்ச்சில் 'ராயல்' சேர்ந்தது, அதனால் இரண்டு பெயரிலும் தேடுங்கள். தகனம் செய்யப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் கல்லறை இருக்காது, நினைவகப் பட்டியலில் பெயர் இருக்கும். தெற்கு, கிழக்கு ஆசியாவில் இறந்து கல்லறை இல்லாத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கும் நினைவகத்தில் உண்டு. அங்கிருந்து உங்களுக்கு மூன்று விஷயம் கிடைக்கவேண்டும்: சேவை எண், இறந்த தேதி, பிரிவு.

அந்த மூன்றும் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிட்டிஷ் படையோடு சம்பந்தப்பட்ட விமானம் என்றால் லண்டனில் ஆர்.ஏ.எஃப். (பிரிட்டனின் அரச விமானப்படை) அருங்காட்சியகத்தில் 'படிவம் 1180' என்ற விபத்து அட்டை இருக்கும். ஒரே ஒரு அட்டைதான், ஆனால் விமான வகை, தேதி, விபத்துக் காரணம் எல்லாம் அதில் சுருக்கமாக எழுதியிருப்பார்கள். லண்டனின் கியூ பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 81' வரிசையில் உயிரிழப்புக் கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டு வருகிறார்கள். கனடாப் படையில் சேர்ந்திருந்தவர் என்றால் அங்குள்ள நூலக, ஆவணக் காப்பகத்தில் போரில் இறந்தவர்களின் சேவைக் கோப்புகள் திறந்திருக்கின்றன. அமெரிக்காவில் நடந்த விபத்து என்றால் அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் இருக்கும் விமானப்படை வரலாற்று ஆய்வகத்தைக் கேட்கவேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் பழைய பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். தந்தித் தாள், பதக்கம் வந்த சின்ன அட்டைப்பெட்டி, சீருடைப் படம் எதுவானாலும் பின்புறத்தையும் பாருங்கள். சேவை எண் பல நேரம் படத்தின் பின்னால்தான் பென்சிலில் எழுதியிருக்கும்.

தேதியும் எண்ணும் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள். அட்டையில் இருக்கும் சுருக்கக் குறிகளைப் படிக்க நானும் உயரமானியும் உதவுகிறோம்.